சாமுவேல் மோர்ஸ்: பிந்தி வந்த கடிதமும் விரைந்து சென்ற தந்தியும்

1825ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம். அமெரிக்கத் தலைநகரான வொஷிங்டனில் ஓவியர் ஒருவர் தளபதி லாஃபயேட்டின் உருவப்படத்தைத் தீட்டும் பணியில் இருந்தார். ஏறத்தாழ 300 மைல் தொலைவில், நியூ ஹேவன் நகரில், அவருடைய மனைவி லுக்ரீஷியா மூன்றாவது குழந்தையைப் பெற்றெடுத்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. 7ஆம் திகதி அவர் திடீரென மரணமானார். அதை அறியாத கணவர் 10ஆம் திகதியும் மனைவிக்குக் கடிதம் எழுதினார். தந்தையின் கடிதம் கிடைத்து அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் அடக்கமும் முடிந்துவிட்டது. அந்த ஓவியர்தான் சாமுவேல் மோர்ஸ்.

மோர்ஸ் 1791இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் சார்ள்ஸ்ரவுனில் பிறந்தார். யேல் கல்லூரியில் கற்ற பின் இலண்டன் சென்று ஓவியம் பயின்றார். மனைவியின் மரணமே தந்தியைப் பிறப்பித்தது என்று சிலர் எழுதுவர். ஆனால் 7 ஆண்டுகள் கழித்து, 1832இல் ஐரோப்பாவிலிருந்து சுல்லி என்ற கப்பலில் திரும்பும்போது, சக பயணி ஒருவர் மின்காந்தத்தைப் பற்றிக் கூறக் கேட்டபோதுதான் மின்சாரத்தால் செய்தி அனுப்பும் எண்ணம் அவருக்கு உதித்தது.

அவரது முதற் கருவியில் நாம் படங்களில் காணும் சாவி இல்லை. பல் வெட்டிய உலோகத் துண்டுகளை ஒரு சட்டத்தில் வரிசையாக அடுக்கி, கைப்பிடியைச் சுற்றி அச்சட்டத்தை நகர்த்த வேண்டும். பற்கள் ஒரு நெம்பைத் தூக்கித் தாழ்த்த, மின்சுற்று மூடித் திறக்கும். செய்தி பிசகாமல் போகும். ஆனால் துண்டுகளை அடுக்கவே நேரம் போய்விடும். 1837இல் அல்பிரட் வெய்ல் என்ற இளைஞர் அவருடன் சேர்ந்தார். விரலால் அழுத்தும் எளிய சாவி அவர் கையில்தான் உருவானது. மோர்ஸின் பெயரைச் சொல்லும் நாம் வெய்லை மறந்துவிடுகிறோம்.

வறுமையோடு போராடிய மோர்ஸுக்கு 1843இல் அமெரிக்கக் காங்கிரஸ் 30,000 டொலர் ஒதுக்கியது. 1844 மே 24ஆம் திகதி வொஷிங்டனிலிருந்து பல்டிமோருக்கு முதற் செய்தி சென்றது. அதைத் தெரிவுசெய்தவர் நண்பரின் இளம் மகள் ஆனி எல்ஸ்வேர்த். உஸ்மானிய சுல்தான் அப்துல் மஜீதும் மோர்ஸுக்கு வைரம் பதித்த விருதொன்றை வழங்கிக் கௌரவித்தார்.

ஆங்கிலத்தில் அதிகம் வரும் 'ஈ' என்ற எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி. அரிதாக வரும் எழுத்துகளுக்கு நீண்ட குறிகள். வேகத்தின் ஒரு பாதி இந்த ஒழுங்கில் இருந்தது. மறுபாதி சாவியில் இருந்தது. பிற்காலச் சாவிகளில் சுருள்வில்லின் இறுக்கத்தையும் தொடுமுனைகளின் இடைவெளியையும் திருகாணிகளால் மாற்றலாம். இடைவெளி குறைந்தால் கை விரைந்து ஓடும். மிகவும் குறைந்தால் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். நாள் முழுதும் தட்டிய தந்தியாளர் பலருக்குக் கை செயலிழந்தது. மோர்ஸ் மறைந்து பல ஆண்டுகளின் பின், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஹொரஸ் மார்ட்டின் வைப்ரோபிளெக்ஸ் என்ற சாவியை உருவாக்கினார். அதைப் பெருவிரலால் ஒருமுறை தள்ளினால் அதிரும் கம்பி தானாகவே புள்ளிகளை இடும். கம்பியில் உள்ள எடையை நுனிப்பக்கம் நகர்த்தினால் வேகம் குறையும்; அடிப்பக்கம் நகர்த்தினால் கூடும்.

மோர்ஸிடம் குறைகளும் இருந்தன. அடிமை முறையை நியாயப்படுத்தினார். கத்தோலிக்கருக்கும் குடியேறிகளுக்கும் எதிராக எழுதினார். மனிதரை இணைக்கும் கம்பியை இழுத்தவர் மனிதரைப் பிரித்தும் பார்த்தார் என்பது வருத்தம் தரும் உண்மை. அவருடைய அறிவைப் போற்றும்போது இதை மறைக்கத் தேவையில்லை.

1871 ஜூன் 10ஆம் திகதி நியூயோர்க்கில் அவருக்குச் சிலை திறக்கப்பட்டது. அன்றிரவு நடந்த விழாவில் ஓர் இளம் பெண் தந்தியாளர் அவரது விடைபெறும் செய்தியை அனுப்பினார். பின்னர் 80 வயது மோர்ஸ் தாமே சாவியின் முன் அமர்ந்து தம் பெயரைத் தட்டினார். 1872 ஏப்ரல் 2ஆம் திகதி அவர் காலமானார்.

கேட்பவர் எழுதிக்கொள்ளும் வேகத்திலேயே அனுப்ப வேண்டும் என்பது நல்ல தந்தியாளரின் பண்பு. எதிர்முனையில் இருப்பவர் புதியவர் என்றால், தேர்ந்தவரும் எடையை நுனிக்கு நகர்த்தித் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்வார். நொடியில் செய்தி அனுப்பும் நமக்கு இந்தப் பண்பு இன்னும் தேவைப்படுகிறது. அன்று மோர்ஸின் வீட்டுச் செய்தி பிந்தியது, வழி இல்லாததால். இன்று வழி நம் கையிலேயே இருக்கிறது. வீட்டில் காத்திருப்பவருக்கு ஒரு வார்த்தை சொல்ல நாம் பிந்தலாகாது.