காட்டுக் குத்தகைக்காரர் கட்டிய மாய உலகம்: ‘சந்திரகாந்தா’ உண்மையில் யாருடைய கதை?

உங்கள் ஆபீஸில் நாற்பதைத் தொட்ட ஹிந்திக்காரர் யாராவது இருந்தால், டீ பிரேக்கில் ‘சந்திரகாந்தா’ என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். அடுத்த பத்து நிமிஷம் அவர் பேசிக்கொண்டே இருப்பார். 1994-ல் தூர்தர்ஷனில் தொடங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் வட இந்தியாவின் பல வீடுகளை டிவி முன்னால் உட்கார வைத்த தொடர் அது. இர்ஃபான் கானை ‘லஞ்ச்பாக்ஸ்’ படத்தில்தான் முதலில் பார்த்தீர்களா? அவர் அதற்கு இருபது வருஷம் முன்பே இந்தத் தொடரில் நடித்துவிட்டார்.

ஆனால், இந்தக் கதையை எழுதியவர் யார் என்று அதே நண்பரிடம் கேளுங்கள். கொஞ்சம் யோசிப்பார். பெயர் தேவகி நந்தன் கத்ரி. இறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால், ஒரு மாய உலகம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு நாம் நினைப்பதைவிடச் சிக்கலான பதில் கிடைக்கும்.

யார் இந்த கத்ரி?

1861 ஜூன் 18-ல், இன்றைய பீகாரின் சமஸ்திபூர் மாவட்டத்தில் இருக்கும் பூசாவில் பிறந்தார். பூர்வீகம் பஞ்சாப். அப்பா லாலா ஈஸ்வர்தாஸ் காசியில் குடியேறியவர். சிறுவயதில் கத்ரி படித்தது உருதுவும் பாரசீகமும். ஹிந்தி, சமஸ்கிருதம், ஆங்கிலம் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இளம் வயதில் கயா பக்கம் டெக்காரி சமஸ்தானத்தில் வேலை பார்த்தார். பிறகு காசி மகாராஜாவின் தயவில் சகியா, நௌகர் காடுகளைக் குத்தகைக்கு எடுத்தார். எழுத்தாளர் வேலையே கிடையாது. மரம், கூலி, கணக்கு என்று ஓடிய வாழ்க்கை. ஆனால், அந்தக் காடுகளில் குத்தகை வேலைக்காகச் சுற்றியபோது இடிந்த கோட்டைகள், மலைக்குகைகள், பள்ளத்தாக்குகள் எல்லாம் கண்ணில் பட்டன. ஒரு கட்டத்தில் குத்தகை கைவிட்டுப் போனது. வேலை போன மனுஷன் என்ன செய்வார்? பார்த்த இடங்களை வைத்துக் கதை எழுத உட்கார்ந்தார். 1888 வாக்கில் ‘சந்திரகாந்தா’ வெளிவரத் தொடங்கியது.

கதை என்ன?

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நௌகர் இளவரசன் வீரேந்திர சிங்கும் விஜய்கர் இளவரசி சந்திரகாந்தாவும் காதலிக்கிறார்கள். விஜய்கர் மந்திரியின் மகன் க்ரூர் சிங்குக்கு இளவரசியும் வேண்டும், நாட்டின் கஜானாவும் வேண்டும். அவன் சுனார்கர் ராஜா சிவதத்தோடு சேர்ந்துகொள்கிறான். மீதியெல்லாம் கடத்தல், வேஷம், துரோகம், மீட்பு.

இந்தப் பெயர்களை மேப்பில் தேடிப் பாருங்கள். நௌகர் இன்றைய உத்தரப் பிரதேசத்தின் சந்தௌலி மாவட்டத்தில் இருக்கிறது. விஜய்கர் கோட்டை சோன்பத்ரா மாவட்டத்தில். சுனார் கோட்டை மிர்சாபூர் மாவட்டத்தில், கங்கைக் கரையில். அடுத்த வரிசையில் வரும் ரோத்தாஸ்கர் பீகாரில். மிடில் எர்த், வெஸ்டெராஸ் எல்லாம் கற்பனையாக வரைந்த வரைபடங்கள். கத்ரியோ தான் நடந்து பார்த்த மண்ணுக்கு மேலேயே தன் மாய உலகத்தை எழுப்பினார். காசியிலிருந்து கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் வில்லனின் கோட்டை வாசலில் நிற்கலாம்!

இந்த உலகத்தின் விதிகள்

நல்ல ஃபேன்டஸி எதற்கும் விதிகள் இருக்கும். இங்கே இரண்டு வார்த்தைகள் தெரிந்தால் போதும்.

முதலாவது, திலிஸ்ம். புதையலைப் பாதுகாக்க முன்னோர்கள் கட்டிவைத்த பொறிகள் நிறைந்த இடம். உள்ளே போனால் வழி மூடிக்கொள்ளும், சிலைகள் அசையும். ஒரு கல் கொக்கு ஆளையே விழுங்கிவிடும். சந்திரகாந்தாவே அதற்குள் போய்விடுகிறாள். யார் பெயருக்குக் கட்டப்பட்டதோ அவரால்தான் உடைக்க முடியும். உடைக்கும் வழியைச் சொல்ல ஒரு புத்தகம் இருக்கும். வீடியோ கேம் விளையாடுபவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

இரண்டாவது, ஐயார். ராஜாக்களிடம் வேலை பார்க்கும் ஒற்றர்கள். வேஷம் போடுவது, மயக்கப் பொடி தூவுவது, மயங்கியவரை லக்லகா என்ற மருந்தை முகரவைத்து எழுப்புவது, கயிறு வீசி மதில் ஏறுவது எல்லாம் அவர்களுக்குக் கைவந்த கலை. தோளில் தொங்கும் பைக்குள் இந்தச் சாமான்கள் எல்லாம் இருக்கும். இவர்களுக்குள் ஒரு தர்மம் உண்டு: பிடிபட்ட ஐயாரைக் கொல்வதில்லை, சிறை வைப்பதோடு சரி. படைகள் மோதி ரத்தம் ஓடுவதைத் தந்திரத்தால் தவிர்ப்பவர்கள் என்றுதான் கத்ரி இவர்களை முன்னுரையில் அறிமுகப்படுத்துகிறார். பெண் ஐயார்களும் உண்டு. சந்திரகாந்தாவின் தோழி சப்லா, நாயகனின் ஆட்களுக்குச் சளைத்தவள் இல்லை.

இதெல்லாம் அவர் சொந்தக் கற்பனையா?

இல்லை, முழுக்க இல்லை. திலிஸ்ம், ஐயார் இரண்டுமே உருது தாஸ்தான்களில் ஏற்கெனவே இருந்தவை. தாஸ்தான் என்றால் கதைசொல்லிகள் நாட்கணக்கில் சொல்லும் நீண்ட வீரக்கதை. அதில் பெரியது அமீர் ஹம்ஸாவின் கதை. லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் அதை 46 பாகங்களாக வெளியிட்டது. அதன் புகழ்பெற்ற பகுதியான ‘திலிஸ்மே ஹோஷ்ருபா’ 1883 முதல் அச்சில் வரத் தொடங்கியது. கத்ரி எழுத உட்காருவதற்குச் சில வருஷம் முன்புதான். திலிஸ்ம் என்ற வார்த்தையே கிரேக்கத்தில் கிளம்பி, அரபி, பாரசீகம் வழியாக வந்தது.

அப்படியானால் காப்பியா? அதுவும் இல்லை. தாஸ்தானில் மந்திரவாதிகளும் ஜின்களும் உண்டு. அங்கே வரும் ஐயாரின் பைக்குள் ஒரு உலகமே அடங்கிவிடும். கத்ரி மந்திரத்தை வெளியே அனுப்பிவிட்டார். அவருடைய ஐயாரின் பையில் இருப்பது பொடியும் மருந்தும் வேஷச் சாமான்களும் மட்டும்தான். அசையும் சிலைக்கும் மூடும் கதவுக்கும் பின்னால் ஏதோ ஒரு யந்திரமோ ரசாயனமோ இருந்தே தீரும். இரண்டாவது வரிசையில் ஒரு மாயக் கத்தி வருகிறது. கைப்பிடியை அழுத்தினால் கண்ணைக் கூசவைக்கும் ஒளி. உடம்பில் பட்டால் ஷாக் அடித்தது போல விழுந்துவிடுவார்கள். அதற்கு இணையான மோதிரம் போட்டவரை மட்டும் அது ஒன்றும் செய்யாது. கல்கத்தாவுக்கு மின் விநியோகம் வந்ததே 1899-ல்தான் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். மந்திரத்தின் இடத்தில் மெக்கானிசம். இந்த மாற்றம்தான் கத்ரியின் கையெழுத்து.

இதைப் படிக்கவே ஹிந்தி கற்றார்களாமே?

இதுதான் கத்ரி பற்றி அதிகம் சுற்றும் கதை. இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

1901 சென்சஸ்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சுமார் 5%. பெண்களில் 1% கூடக் கிடையாது. அன்றைய வடமேற்கு மாகாணங்களில், அதாவது இன்றைய உ.பி. பகுதியில், கோர்ட்டிலும் ஆபீஸிலும் ஓடியது பாரசீக எழுத்தில் எழுதப்பட்ட உருது. வேலைக்குப் போக நினைத்தவர்கள் அதைத்தான் படித்தார்கள். நாகரி எழுத்துக்காகக் காசியில் நாகரி பிரசாரிணி சபா தொடங்கப்பட்டது 1893-ல். நீதிமன்றங்களில் நாகரிக்கும் இடம் கொடுத்து அரசு ஆணை வந்தது 1900-ல். இரண்டுக்கும் முன்னாலேயே ‘சந்திரகாந்தா’ வந்துவிட்டது.

ஆக, அன்று ஹிந்தி கற்றார்கள் என்றால் புது மொழி பேசக் கற்றார்கள் என்று அர்த்தம் இல்லை. பேச்சு ஏற்கெனவே அவர்களுடையதுதான். கற்றது நாகரி எழுத்தை. கத்ரியின் நடையும் அதற்கு வசதியாக இருந்தது. சமஸ்கிருதத்தைத் திணிக்காத, கடைத்தெருவில் புழங்கும் ஹிந்துஸ்தானி. அத்தியாயங்களுக்கே அவர் வைத்த பெயர் ‘பயான்’, உருதுக்காரர்களுக்குப் பழகிய வார்த்தை. நடுநடுவே வாசகரைக் கூப்பிட்டுப் பேசுவார். உருதுவில் படித்து வளர்ந்து ஹிந்திக்கு வந்தவர், தன்னைப் போன்றவர்களுக்கு ஒரு பாலம் போட்டார். சபை, மனு, ஆணை எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். அடுத்து என்ன ஆச்சு என்ற ஆவல் இன்னொரு பக்கம் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

எழுத்தாளரே முதலாளி

கத்ரி நிறுத்தவில்லை. 1894 முதல் பத்து வருஷம் போல ‘சந்திரகாந்தா சந்ததி’ வந்தது. அதில் வீரேந்திரனின் மகன்கள் இந்திரஜித், ஆனந்த் கதை. 1898-ல் காசியில் லஹரி பிரஸ் என்று சொந்த அச்சகம் தொடங்கினார். 1900-ல் ‘சுதர்சன்’ என்ற மாத இதழையும் நடத்தினார். ஆசிரியர் மாதவ் பிரசாத் மிஸ்ரா. எழுதுவது, அச்சடிப்பது, விற்பது எல்லாம் ஒரே கையில். பாகம் பாகமாக, சரியான இடத்தில் நிறுத்தி, அடுத்ததுக்குக் காத்திருக்க வைத்து வெளியிடும் உத்தி அவருக்கு அத்துப்படி. இன்றைய வெப் சீரிஸ் ஆட்களுக்கு அவர் கொள்ளுத்தாத்தா.

பாதியில் நின்ற பேனா

‘சந்ததி’யில் பூத்நாத் என்று ஒரு ஐயார் வருவான். நல்லவனா கெட்டவனா என்று கடைசி வரை பிடிபடாத, கறை படிந்த கடந்த காலம் உள்ள ஆள். அவனுடைய வாழ்க்கை வரலாறாக மூன்றாவது வரிசையை 1907-ல் தொடங்கினார் கத்ரி. ஆறு பாகம் முடிந்திருந்தது. 1913 ஆகஸ்ட் 1-ல் கத்ரி இறந்துபோனார். வயது 52.

அப்போது மகன் துர்கா பிரசாத்துக்கு 18 வயது. மீதி 15 பாகங்களை அவர்தான் எழுதி முடித்தார். கணக்குப் போட்டால் இப்படி வரும்:

சந்திரகாந்தா: 4 பாகம், தந்தை எழுதியது.
சந்திரகாந்தா சந்ததி: 24 பாகம், தந்தை எழுதியது.
பூத்நாத்: 21 பாகம். தந்தை 6, மகன் 15.

மொத்தம் 49-ல் தந்தையின் பங்கு 34, மகனின் பங்கு 15. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மகனுடையது. பூத்நாத்தை மட்டும் எடுத்தால் மூன்றில் இரண்டுக்கும் மேல். அப்பாவின் உலகத்தை முடித்துக்கொடுத்த கையோடு துர்கா பிரசாத் நிற்கவும் இல்லை. விஞ்ஞானமும் ரகசியப் புரட்சிக் குழுக்களும் கலந்த சொந்த நாவல்களை எழுதினார்.

பிறகு டிவி வந்தது

1994 தொடர் நாவலில் இல்லாத பல கிளைகளில் ஏறி இறங்கியது. 2017-ல் இரண்டு சேனல்கள் ஒரே வருஷத்தில் ஆளுக்கொரு ‘சந்திரகாந்தா’ எடுத்தன. எப்படி முடிந்தது? இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரைதான் காப்புரிமை. 1913-ல் இறந்தவரின் எழுத்து எப்போதோ பொதுச்சொத்து ஆகிவிட்டது. மகன் பல பத்தாண்டுகள் கழித்தே இறந்தார் என்பதால் அவருடைய பாகங்களின் கணக்கு வேறு. ஒரே கதை வரிசைக்குள் இரண்டு சட்டக் கடிகாரங்கள் ஓடுகின்றன!

சரி, இது இலக்கியமா?

ஹிந்தி இலக்கிய வரலாற்றை 1929-ல் எழுதிய ராமச்சந்திர சுக்லாவின் தீர்ப்பு சுவாரஸ்யமானது. பாத்திர வளர்ச்சியோ, உணர்ச்சி ஆழமோ இல்லாத சம்பவக் கோவை, ஆகவே இலக்கிய வகையில் சேராது என்று கத்ரியின் நாவல்களை ஒதுக்கினார். அதே மூச்சில், ஹிந்திக்கு இவரளவு வாசகர்களை உருவாக்கியவர் வேறு யாரும் இல்லை என்றும் ஒப்புக்கொண்டார். ஒரு எழுத்தாளரை வாசல் வரை கூட்டிவந்து, நன்றி சொல்லி, வெளியே நிறுத்திய மாதிரி.

இப்போது அந்த வாசலில் இன்னொருவர் வருவதைப் பாருங்கள். பிரேம்சந்த். அவரும் காசிப் பக்கத்து ஆள்தான், அவரும் உருதுவில் தொடங்கியவர்தான். சிறுவயதில் ஹோஷ்ருபாவை விழுந்து விழுந்து படித்தவர். கத்ரி இறந்த சில வருஷங்களில் அவர் ஹிந்திக்கு வந்தார்; முதலில் உருதுவில் எழுதிய ‘சேவாசதன்’ ஹிந்தியில்தான் முதலில் அச்சானது. ஹிந்தியில் நாவலை வாங்கிப் படிக்கும் கூட்டம் அதற்குள் தயாராகியிருந்தது. அதைத் தயார் செய்ததில் பெரும்பங்கு, இலக்கியத்தில் சேராத அந்தக் காட்டுக் குத்தகைக்காரருக்கு.

அப்படியானால் ‘சந்திரகாந்தா’ யாருடையது? விதையைப் பெயர் தெரியாத தாஸ்தான் சொல்லிகள் போட்டார்கள். கத்ரி அதிலிருந்து மந்திரத்தை எடுத்துவிட்டு யந்திரத்தையும், தான் நடந்த காட்டையும் வைத்தார். மகன் முடித்தார். டிவிக்காரர்கள் மாற்றினார்கள். இந்தப் பட்டியலில் இன்னொரு பெயரையும் சேர்த்தாக வேண்டும்: ஒரு கதையின் அடுத்த பாகத்துக்காக, விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து புது எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்த வாசகர். அவருடைய பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை. ஆனால், கத்ரி கூப்பிட்டுப் பேசியது அவரிடம்தான்.