பம்மல் சம்பந்த முதலியார்

பம்மல் சம்பந்த முதலியார் (பெப்ரவரி 1, 1873 - செப்டம்பர் 24, 1964) தமிழ் நாடகத் தந்தை எனப் போற்றப்படுபவர். நாடக ஆசிரியர், நடிகர், வழக்கறிஞர், நீதிபதி எனப் பல துறைகளில் விளங்கியவர்.

வாழ்க்கைக் குறிப்பு

சென்னையில் பிறந்தவர். நடிகர்களைக் கூத்தாடிகள் என இகழ்ந்த காலத்தில், பெல்லாரி கிருஷ்ணமாச்சார்லுவின் தெலுங்கு நாடகங்களைக் கண்டு ஈர்க்கப்பட்டு, 1891 ஆம் ஆண்டில் நண்பர்களுடன் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். கற்றோர் பலரும் இச்சபையில் வேடமேற்றனர். விடுதலைப் போராட்ட வீரர் சத்தியமூர்த்தி அவர்களுள் ஒருவர். இதனால் நடிப்பு இழிதொழில் என்னும் எண்ணம் தளர்ந்தது. விடிய விடிய நடந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கி, உரைநடை உரையாடலுக்கு முதன்மை அளித்தார். 1924 முதல் 1928 வரை சென்னை சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியாகப் பணியாற்றினார்.

நகைச்சுவை நாடகம்

இவர் எழுதிய தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களுள் சபாபதி புகழ்பெற்ற நகைச்சுவைப் படைப்பாகும். எசமானர், வேலைக்காரர் இருவருக்கும் சபாபதி என்பதே பெயர். சொன்ன சொல்லை அப்படியே பொருள்கொள்ளும் வேலைக்காரரால் குழப்பங்கள் விளைகின்றன. ஏ. வி. மெய்யப்பன், ஏ. டி. கிருஷ்ணசாமி இயக்கத்தில் 1941 இல் இது திரைப்படமானது. டி. ஆர். இராமச்சந்திரன் எசமானராகவும், காளி என். இரத்தினம் வேலைக்காரராகவும் நடித்தனர்.

தம் மேடை அனுபவங்களை நாடக மேடை நினைவுகள் என்னும் நூலாக எழுதினார். 1959 ஆம் ஆண்டில் இவருக்குப் பத்ம பூசண் விருது வழங்கப்பட்டது.