நறுமண மலை உபாசகர்

வேலையினின்றும் ஓய்வு பெற்ற நம் சங்கத்து அன்பர் சிலர், பொழுதைக் கழிப்பது எங்ஙனம் என்று நம்மிடம் கேட்பதுண்டு. இக்கேள்வியை எளிதாகத் தள்ள நாம் விரும்பவில்லை. நம் முன்னோருள் பெரும்பாலோர் உடல் தளர்ந்து வீழுமளவும் பிறருக்கு உழைத்தவர்கள்; ஓய்வு என்பதை அவர்கள் கண்டதில்லை. ஆதலின் அக்காலத்தைக் கழிக்கும் முறையை நமக்குக் கற்பித்துச் செல்லவும் அவர்களால் இயலவில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் புகழ் குன்றாதிருக்கும் சீன தேசத்து இல்லறப் பௌத்தர் ஒருவரின் வரலாறு இவ்விஷயத்தில் நமக்குத் துணை செய்யுமென்று கருதி ஈண்டு எழுதுகின்றோம்.

அவர் பெயர் பாய் ஜூயி. கி.பி. 772இல், பெருஞ்செல்வமில்லாத குடும்பத்தில் பிறந்தார். இரவும் பகலும் கற்று, 800இல் அரசாங்கத்தின் உயர்ந்த தேர்வில் தேறி உத்தியோகத்தில் அமர்ந்தார். வரிச்சுமையால் நலிந்த குடியானவர்களுக்காகவும் குளிரில் வாடிய ஏழைகளுக்காகவும் எளிய நடையில் கவிகள் எழுதினார். 811இல் தாயையும் சின்னஞ்சிறு மகளையும் இழந்தார். 815இல் முதலமைச்சர் ஒருவர் தலைநகரத் தெருவிலேயே கொலையுண்டபோது, கொலைஞரைப் பிடிக்கவேண்டுமென்று பிறருக்கு முன்னதாக விண்ணப்பம் செய்தார். அது வரம்பு மீறிய செயலென்று குற்றஞ்சாட்டி, தொலைதூர மாவட்டமொன்றிற்குச் சிறிய பதவியில் அவரை அனுப்பிவிட்டனர். அங்கே லூ மலையடிவாரத்தில் ஒரு விஹாரைக்கு அருகே ஓலைக்குடில் அமைத்து, பிக்குகளோடு பழகித் தியானம் பயின்றார். தண்டனையாக வந்த தனிமை அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

822 முதல் 824 வரை ஹாங்சௌ நகரின் ஆளுநராயிருந்து, ஏரிக்குக் கரை எழுப்பி வயல்களுக்கு நீர் கிடைக்கச் செய்தார். அந்நகரில் மரத்தின்மேல் அமர்ந்து தியானித்த ஒரு பிக்குவை அவர் கண்டு, புத்த தருமத்தின் சாரம் யாதெனக் கேட்டதாகப் பிற்காலத்தார் ஒரு கதை சொல்லுவர். தீமை செய்யாதிருத்தலும், நன்மை செய்தலும், மனத்தைத் தூய்மை செய்தலுமே என்று பிக்கு விடையளித்தாராம். இதை மூன்று வயதுக் குழந்தையும் அறியுமே என்று ஆளுநர் வியக்க, எண்பது வயது முதியோனுக்கும் அதன்படி நடப்பது அரிது என்றாராம் அப்பெரியவர். கதை நடந்ததோ இல்லையோ, ஆளுநரின் பிற்கால வாழ்க்கை அதற்கு உரை எழுதியது போல் அமைந்தது.

829இல் அவர் தலைநகரின் பூசல்களைத் துறந்து, லோயாங் நகரில் வேலை குறைந்த பதவியொன்றைக் கேட்டுப் பெற்றார். அங்கு அவருக்கு 17 மூ பரப்புள்ள மனை ஒன்று இருந்தது. அதில் மூன்றிலொரு பங்கு வீடு. ஐந்திலொரு பங்கு நீர். ஒன்பதிலொரு பங்கு மூங்கில். குளக்கரையில் நடத்தல், யாழ் மீட்டல், சூத்திரம் ஓதுதல், நண்பரோடு அளவளாவுதல் ஆகியவற்றில் அவருடைய நாட்கள் சென்றன. அரண்மனையுமன்றிக் கானகமுமன்றி இடைநிலையில் வாழ்வதே தமக்கு ஏற்றதென்று அவர் கொண்டார். ஆண்டில் மூன்று திங்கள்கள் நோன்பு பூண்டு, அஷ்ட சீலம் காத்தார்.

துன்பம் அவரை விட்டுவிடவில்லை. முதுமையில் பிறந்த ஒரே மகனும், ஆருயிர் நண்பர் யுவான் ஜென்னும் 831ஆம் ஆண்டிலேயே மறைந்தனர். நண்பரின் கல்லறை வாசகம் எழுதியதற்காக அவர் குடும்பத்தார் ஆறேழு லட்சம் காசு கொடுத்தனர். எவ்வளவு மறுத்தும் அவர்கள் கேளாமையால், அத்தொகை முழுவதையும் கொண்டு லோங்மென் குன்றில் சிதைந்து கிடந்த சியாங்ஷான் விஹாரையை 832இல் புதுப்பித்து, அப்புண்ணியத்தை நண்பருக்கே உரிமையாக்கினார். சியாங்ஷான் என்பதற்கு நறுமண மலை என்று பொருள். அது முதல் நறுமண மலை உபாசகர் என்னும் பெயரைத் தாமே பூண்டார்.

அவரிடம் குறையில்லையென்று நாம் சொல்லவில்லை. நோன்பில்லாத நாட்களில் அவர் மது அருந்தினார். தாமே அதனை எழுதியும் வைத்தார். பஞ்சசீலம் ஏற்ற நாம் அதனைப் பின்பற்றலாகாது. ஆயினும் தம் குறையை ஒளியாத நேர்மையை மதிக்கின்றோம்.

839இல் பாரிச வாயு அவரைத் தாக்கி இடக்காலை முடக்கிற்று. 842இல் பதவியிலிருந்து முற்றும் ஓய்ந்து, பாதிச் சம்பளத்தை ஓய்வூதியமாகப் பெற்றார். இனி யாரும் அவரிடம் எதனையும் எதிர்பார்க்கவில்லை. அப்போதுதான் தம் வாழ்வின் சிறந்த செயலொன்றைச் செய்தார். லோங்மென் அருகே யீ ஆற்றில் எட்டு இடங்களில் பாறைகள் நீட்டி நின்று, ஓடங்களையும் தெப்பங்களையும் உடைத்து வந்தன. கடுங்குளிரில் ஓடக்காரர்கள் வெறுங்காலோடு நீரிலிறங்கித் தள்ளுவர். அவர்களது அலறல் இரவிலும் கேட்கும். பல காலமாக அதைக் கேட்டிருந்த முதியவர், 844இல் தம் பொருளைக் கொடுத்து, ஒரு பிக்குவின் துணையோடு அவ்வழியைத் திருத்துவித்தார். ஏழைகள் உழைப்பை நல்கினர். இரக்கமுடையோர் பணம் நல்கினர்.

845இல் சீனப் பேரரசன் பௌத்தத்தை ஒடுக்கி, 4,600க்கு மேற்பட்ட விஹாரைகளை இடிப்பித்து, 2,60,500 பிக்கு பிக்குணிகளை இல்லறத்துக்குத் திருப்பினான். மறு ஆண்டில் அவ்வரசன் இறந்தான். அவ்வாண்டிலேயே நம் உபாசகரும் காலமாகி, லோங்மென் குன்றிலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

அன்பர்களே! நமக்குக் குளமும் மூங்கிலும் இல்லாதிருக்கலாம். காலையில் திரிசரணம் ஓதி, மூச்சைக் கவனித்துச் சிறிது நேரம் அமர்வதற்கு ஒரு பாய் போதும். பௌர்ணமியன்று அஷ்ட சீலம் காக்க எவர் அனுமதியும் வேண்டுவதில்லை. அந்த முதியவர் ஓடக்காரரின் குரலைக் கேட்டதற்குக் காரணம், அவர் ஓசையடங்கி அமர்ந்திருந்ததே என்று நாம் நினைக்கின்றோம். நாமும் அவ்வாறு அமர்ந்தால் நம் தெருவின் குரல்கள் காதில் விழும். எழுத்தறியாத கைம்பெண்ணுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம். அண்டை வீட்டுப் பிள்ளைக்கு மாலையில் கணக்குச் சொல்லித் தரலாம். முன்னோருக்குக் கிடைக்காத ஓய்வு நமக்குக் கிடைத்திருக்கின்றது. அதனை வீணாக்காதிருத்தலே அவர்களுக்கு நாம் செய்யும் வணக்கமாகும்.

எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க! சாது! சாது! சாது!