நம் நூலக வரியும் சீர்காழி ரங்கநாதனும்

நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது, கவனித்திருக்கிறீர்களா? வங்கியில் காலமெல்லாம் கணக்கு எழுதிய எனக்கே ஓய்வு பெற்ற பிறகுதான் இது தெரிந்தது. அந்த வரிக்கு வித்திட்டவர் எஸ்.ஆர்.ரங்கநாதன்.

1892-ல் சீர்காழியில் பிறந்தவர். சென்னை கிறித்தவக் கல்லூரியில் கணிதம் படித்தார். கல்லூரி அப்போது பாரிமுனைப் பக்கம். நம் தாம்பரத்துக்கு வந்தது 1937-ல்தான். மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார்.

அந்த நூலகம் அன்று இயங்கியது எழும்பூர் கன்னிமாராவில். ஹென்றி இர்வின் வடிவமைத்து, 1896-ல் திறந்த கட்டடம். வண்ணக் கண்ணாடி, வளைந்த உயரக் கூரை, தேக்கு அலமாரிகள் என்று இன்றும் கண்ணை நிறைக்கும். ஆனால் பல்கலைக்கழகப் புத்தகங்களைத் தேடி வந்தவர்கள் சொற்பம். சும்மா உட்கார முடியாமல், சில நாளிலேயே பழைய வேலையைத் திருப்பிக் கேட்டுவிட்டார்! லண்டன் போய் நூலகப் படிப்பு படியுங்கள், அப்புறமும் பிடிக்காவிட்டால் திரும்பிவிடலாம் என்று அனுப்பி வைத்தார்கள்.

அங்கே தெருவுக்குத் தெரு மக்கள் நூலகத்துக்குப் போவதைப் பார்த்து மனம் மாறினார். ஒரு கடையில் மெக்கானோ பொம்மைத் துண்டுகளை விதவிதமாகப் பூட்டிக் காட்டியதைக் கண்டதும், புத்தகங்களை வகைப்படுத்தவும் யோசனை பிறந்தது. அதுதான் 1933-ல் வந்த கோலன் பகுப்புமுறை.

திரும்பி வந்ததும், வாசகர் தாமே அலமாரிக்குப் போய்ப் புத்தகம் எடுக்கலாம் என்றாக்கினார். புத்தகம் தொலைந்தால் யார் பொறுப்பு என்றுதான் எங்களைப் போன்ற குமாஸ்தா புத்தி முதலில் கேட்கும். அவரோ பூட்டி வைத்த புத்தகத்தால் யாருக்கும் பயனில்லை என்று நினைத்தவர். 1936-ல் கடற்கரைச் சாலையில் பல்கலைக்கழக நூலகத்துக்குச் சொந்தக் கட்டடமும் வந்தது.

நன்கொடையை நம்பினால் நூலகம் நிலைக்காது, சட்டமும் நிரந்தர வருமானமும் வேண்டும் என்பது அவர் கணக்கு. 1930களில் கொண்டுவந்த மசோதா நிறைவேறவில்லை. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-ல் சட்டம் வந்தது. இந்திய மாகாணங்களில் இதுவே முதல். உள்ளாட்சி வசூலிக்கும் நூலக வரி, நூலக ஆணைக்குழுவுக்குப் போய்விடும். அந்தச் சட்டத்தின்படி 1950-ல் கன்னிமாரா மாநில மைய நூலகமானது.

சிக்கனமாக வாழ்ந்து சேர்த்த ஒரு லட்ச ரூபாயை, நூலகப் படிப்புக்காக அதே பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அது 1950களின் ஒரு லட்சம்! மனைவி சாரதாவின் பெயரையும் சேர்த்து அந்த அறக்கட்டளை அமைந்தது. 1972-ல் பெங்களூரில் காலமானார்.

கன்னிமாராவுக்கு மின்சார ரயிலில் எழும்பூரில் இறங்கினால் போதும், பாந்தியன் சாலை பக்கம்தான். பேரப்பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். வரி ஏற்கெனவே கட்டியாகிவிட்டது.