மட்டியும் மடையனும் படைத்த மாமுனிவர்

வெறும் வாய்ச்சவடால் அடிப்பவரை 'வெத்துவேட்டு' என்கிறோம். சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இச்சொல்லின் பொருளை விளக்க வேண்டியதில்லை. உளறல், பிதற்றல், அளப்பு, கப்சா என்று பொருளற்ற பேச்சுக்குத் தமிழில் எத்தனையோ பெயர்கள்! அறிவிலிக்கு உள்ள பெயர்களோ அதனினும் அதிகம். அவற்றுள் ஐந்தைப் பொறுக்கி எடுத்து, ஐந்து சீடர்களுக்குப் பெயராகச் சூட்டியவர் ஓர் இத்தாலியர்.

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி 1680-ஆம் ஆண்டு இத்தாலியில் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். சேசு சபைக் குருவாகி, 1710-இல் கோவா வந்து, மறு ஆண்டு தமிழகம் சேர்ந்தார். நமக்குத் தெற்கே, கோவில்பட்டியை அடுத்த காமநாயக்கன்பட்டியில் பணியாற்றினார். தைரியநாதர் என்று பெயர் பூண்டார். மக்கள் நாவில் நிலைத்தது வீரமாமுனிவர் என்பதே. புனித சூசையப்பரைப் பாடும் தேம்பாவணி 3615 பாடல்களைக் கொண்டது. 1732-இல் சதுரகராதி தொகுத்தார். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் எழுத்தில் வேறுபடுத்திக் காட்டியவரும் அவரே.

இத்தனை பெரும் புலவர், புதிதாக வரும் குருக்கள் பேச்சுத் தமிழ் பழகுவதற்காகப் பரமார்த்த குரு கதையை எழுதினார். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் ஆகிய ஐவரே சீடர்கள். ஆறு உறங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையை நீரில் வைத்துப் பார்ப்பார்கள். அக்கரை சேர்ந்ததும், எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒருவரை ஆறு விழுங்கிற்று என்று ஓலமிடுவார்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி வாங்குவார்கள். குருவின் தலைப்பாகை விழுந்தால், எடுக்கச் சொல்லவில்லையே என்று எடுக்கமாட்டார்கள். விழுவதையெல்லாம் எடுக்கச் சொன்னாலோ குதிரைச் சாணத்தையும் ஏந்திக்கொள்வார்கள்! எடுக்க வேண்டியவற்றுக்குப் பட்டியல் எழுதிக் கொடுத்த பின்பு குருவே குழியில் விழுகிறார். பட்டியலில் அவர் பெயர் இல்லை!

இது வெறும் கேலியன்று. சொன்னதைச் சிந்திக்காமல் செய்யும் சீடரைவிட, அப்படிப் பழக்கிய குருவின் மீதே அடி அதிகம் விழுகிறது. எழுதியவரும் ஒரு குரு என்பதை மறக்கலாகாது. மற்றொன்றும் உண்டு. மிலேச்சன் என்றால் நாகரிகம் அறியாத அந்நியன். கடல் கடந்து வந்த வெள்ளையருக்கு இந்நாட்டார் இட்ட பெயர்களுள் ஒன்று அது. மூடர் வரிசையில் அப்பெயரையும் நிறுத்தியபோது, முனிவர் தம்மையே பார்த்துச் சிரித்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

1747-இல் அவர் மறைந்தார். 75 ஆண்டுகள் கழித்து, 1822-இல், பெஞ்சமின் பாபிங்டன் இக்கதையை ஆங்கில மொழிபெயர்ப்புடன் லண்டனில் அச்சிட்டார். தேம்பாவணியைத் திறந்தும் பாராத வீடுகளில்கூடக் குதிரை முட்டையைப் பாட்டிமார் அறிவார்கள்.