பழைய சாமான், புது விளையாட்டு!
(மின்னணுவியல் துறை, இரண்டாம் ஆண்டு)

வீடியோ கேம் என்றதும் எல்லோருக்கும் மாரியோ ஞாபகம் வரும். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் மாரியோவை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ பெயரையும் சொல்வார்கள். ஆனால் குன்பெய் யோகோய் யார் தெரியுமா என்று நம்ம கிளாஸில் கேட்டுப் பாருங்கள், அது என்னடா சாப்பிடுற ஐட்டமா என்பார்கள். நான் கேட்டேன், அப்படித்தான் சொன்னார்கள்! எனவேதான் இந்த மலரில் அவரைப் பற்றி எழுத முன்வந்தேன்.

யோகோய் பிறந்தது 1941 செப்டம்பர் 10, ஜப்பானின் கியோட்டோ நகரில். அதே ஊரில் தோஷிஷா பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரானிக்ஸ் படித்தார். 1965-ல் உள்ளூரிலேயே நின்டெண்டோ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அது கேம் கம்பெனி இல்லை. 1889-ல் ஆரம்பித்த சீட்டுக்கட்டுக் கம்பெனி. ஹனஃபுடா என்று பூப்படம் போட்ட சீட்டு அச்சடிப்பார்கள். அந்த மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் மெயின்டெனன்ஸ் வேலைதான் நம்மாளுக்கு.

இதைப் படித்தபோதுதான் எனக்கு இவர் மேல் ஒரு பிடிப்பு வந்தது. நம்ம சீனியர்களில் பலருக்கு கேம்பஸில் கிடைப்பது மெயின்டெனன்ஸ் டிரெய்னி வேலைதானே? வீட்டில் ஆர்டரைக் காட்டும்போதுகூட முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்கிறார்கள். டிசைன் பண்றவன் வேற ஜாதி, ரிப்பேர் பண்றவன் வேற ஜாதி என்று ஒரு நினைப்பு. யோகோய் கதை அந்த ரிப்பேர் பக்கத்தில்தான் தொடங்குகிறது.

மெஷின் நன்றாக ஓடினால் மெயின்டெனன்ஸ்காரருக்கு வேலை இல்லை. சும்மா இருக்கும் நேரத்தில் அவர் ஒரு பொம்மை செய்தார். குறுக்கும் நெடுக்குமாகக் கட்டைகளை இணைத்து, கைப்பிடியை அழுத்தினால் நீண்டு போய்ப் பொருளைப் பிடிக்கும் கை. கம்பெனித் தலைவர் ஹிரோஷி யமாவுச்சி அதைப் பார்த்துவிட்டார். வேலை போச்சு என்றுதான் யோகோய் நினைத்தார். ஆனால் தலைவரோ, இதையே விற்பனைக்குத் தயார் பண்ணச் சொல்லிவிட்டார்! 1966-ல் அல்ட்ரா ஹேண்ட் என்ற பெயரில் வந்து 10 லட்சத்துக்கு மேல் விற்றது. மெஷினுக்கு எண்ணெய் போட்டவர் பொம்மை டிசைனர் ஆனார்.

அதற்கப்புறம் அவர் செய்தவை எல்லாமே நம்ம லேபில் கிடக்கும் சாமான்கள் மாதிரி இருக்கும். 1969-ல் லவ் டெஸ்டர். ஒரு மீட்டர், அதிலிருந்து இரண்டு ஒயர், நுனியில் உலோக உருண்டைகள். பையன் ஒரு உருண்டையும் பொண்ணு ஒரு உருண்டையும் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைக் கோத்துக்கொள்ள வேண்டும். உடம்பு வழியாகப் போகும் துளி கரண்டை மீட்டர் காட்டும். காதலை அளக்கிறோம் என்று விற்றார்கள்! உள்ளங்கை வேர்த்தால் ரெசிஸ்டன்ஸ் குறையும், முள் ஏறும், அவ்வளவுதான் சமாச்சாரம். (நம்ம கேல்வனாமீட்டரில் யாரும் இதை முயற்சி செய்ய வேண்டாம். லேப் அசிஸ்டென்ட் அண்ணன் சும்மா விடமாட்டார்.)

அடுத்து ஒளித் துப்பாக்கி. ஷார்ப் கம்பெனியின் சோலார் செல்லைக் கரண்ட் எடுக்காமல் சென்சாராக மாற்றினார். துப்பாக்கியிலிருந்து வெளிச்சம் வந்து இலக்கில் பட்டால் அது சிதறும் பொம்மை. பிறகு 1972-ல் வந்த ரிமோட் கார்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அப்போது ரிமோட் கார் பயங்கர விலை. விலையைக் குறைக்க என்ன செய்தார் தெரியுமா? கன்ட்ரோலை ஒரே சேனலாகக் குறைத்து, கார் இடது பக்கம் மட்டும் திரும்பும்படி செய்துவிட்டார். பெயரே லெஃப்டி. ரேஸ் டிராக் வட்டமாகத்தானே இருக்கிறது, வலது பக்கம் எதுக்கு?

இதுதான் அவருடைய கொள்கை. எல்லோருக்கும் பழகி, விலை இறங்கி, இனி இதில் புதுசா ஒண்ணும் இல்லை என்று விட்டுவிட்ட தொழில்நுட்பத்தை எடுத்து, யாரும் நினைக்காத இடத்தில் பொருத்துவது. சாமான் பழசு, யோசனை புதுசு.

ஒரு நாள் புல்லட் ரயிலில் போகும்போது, பக்கத்தில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பட்டன்களைத் தட்டிக்கொண்டு வந்தார். பெரியவர்கள் யாருக்கும் தெரியாமல் கையடக்கமாக விளையாட ஒன்று இருந்தால் எப்படி என்று யோகோய்க்குத் தோன்றியது. பிறகு ஒருமுறை தலைவரின் காரை ஓட்ட ஆள் இல்லாமல் இவரே ஓட்ட நேர்ந்தது. பின் சீட்டில் இருந்தவரிடம் பேச்சுவாக்கில் விஷயத்தைச் சொன்னார். 1980-ல் கேம் அண்ட் வாட்ச் பிறந்தது. கால்குலேட்டர் போட்டியில் விலை விழுந்துபோன எல்.சி.டி. திரை, அதோடு ஒரு கடிகாரம். உலகம் முழுக்க 4 கோடியே 34 லட்சம் விற்றது.

இதில் ஒரு சிக்கல் வந்தது. சட்டைப் பையில் போகிற பெட்டியில் ஜாய்ஸ்டிக் வைத்தால் நீட்டிக்கொண்டு நிற்கும். நான்கு தனித்தனி பட்டன் வைத்தால் கீழே குனிந்து தேட வேண்டும். 1982-ல் டாங்கி காங் கையடக்க மாடலுக்காக யோகோய் ஒரு கூட்டல் குறியை வைத்தார். ஒரே துண்டு, நடுவில் தாங்கி நின்று நான்கு பக்கமும் சாயும், அடியில் நான்கு கான்டாக்ட். கண்ணைத் திரையிலேயே வைத்துக்கொள்ளலாம், கட்டைவிரலுக்கே திசை தெரியும். நாம சின்ன வயசில் திருவிழாக் கடையில் வாங்கிய டிவி கேம் ரிமோட்டில் இடது பக்கம் இருந்ததே ஒரு பிளஸ் பட்டன், அது இந்த மனுஷன் கொடுத்தது! மியாமோட்டோ 1981-ல் டாங்கி காங் ஆர்கேட் கேமை உருவாக்கியபோது அவருக்கு மேற்பார்வையாளராக இருந்தவரும் யோகோய்தான். மாரியோ முதலில் குதித்தது அந்த கேமில்தான்.

1989 ஏப்ரலில் கேம் பாய் வந்தது. யோகோய் தலைமையில், சடோரு ஒகாடா போன்ற பொறியாளர்கள் செய்தது. உள்ளே 8 பிட் பிராசஸர். நாம் படிக்கும் 8085-க்குச் சித்தப்பா பையன் என்று சொல்லலாம், ஏனென்றால் அது 8080, இசட்-80 இரண்டையும் ஒட்டி வடிவமைத்தது. திரையில் கலர் கிடையாது. பாசி பிடித்த மாதிரி நான்கு நிற அளவுகள், பின்னால் லைட்கூட இல்லை. அதே வருடம் அட்டாரி கலர் திரையோடு லிங்க்ஸ் விட்டது. அடுத்த வருடம் சேகா கலர் திரையோடு கேம் கியர் விட்டது. பார்த்தவர்கள் கேம் பாய் காலி என்றார்கள். ஆனால் கேம் கியருக்கு ஆறு பென்சில் செல் போட்டால் ஐந்து மணி நேரம் தாண்டாது. கேம் பாய் நான்கு செல்லில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். விலையும் குறைவு. கீழே விழுந்தாலும் உடையாது. கலர் மாடலையும் சேர்த்துக் கிட்டத்தட்ட 11 கோடியே 87 லட்சம் விற்றது. ஜெயித்தது யார்?

இந்த இடத்தில் என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். என் போனில் ஒரு கேம் இருந்தது. அப்டேட் மேல் அப்டேட் வந்து, பாடநோட்டு போட்டோக்களை அழித்தால்தான் அதை வைத்திருக்க முடியும் என்ற நிலை வந்ததும் கேமையே அழித்துவிட்டேன். கிராபிக்ஸ் கூடக் கூட ஆடுறவன் கையில் இருக்கிற கருவியை யாரும் நினைப்பதில்லை. கால் ஆஃப் டூட்டி 2005-லிருந்து வருடம் ஒன்று வருகிறது. சைபர்பங்க் 2077-ஐ 2020 டிசம்பரில் அவ்வளவு கோளாறுகளோடு வெளியிட்டார்கள், சோனியே தன் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டது. காசு கட்டிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே என்ன வருமோ என்கிற வியாபாரத்தைச் சில கேம்களில் 2018-ல் பெல்ஜியம் சூதாட்டம் என்றே முடிவு செய்தது. யோகோய் தயாரித்த மெட்ராய்டு தொடரைப் பாருங்கள். 1986, 1991, 1994 என்று மூன்று பாகம், பிறகு 2002 வரை ஒன்றும் இல்லை. முதல் பாகத்தில் கடைசி வரை கவசத்துக்குள் இருக்கும் வீரர் ஒரு பெண் என்று முடிவில்தான் தெரியும். அந்த மாதிரி வயிற்றில் ஒரு குத்து வருடா வருடம் கொடுக்க முடியுமா?

அவருக்கும் தோல்வி வந்தது. 1995-ல் வர்ச்சுவல் பாய். விலை காரணமாக சிவப்பு எல்.இ.டி. மட்டும் ஒரு வரிசை, அதை அதிரும் கண்ணாடி வழியாகக் காட்டி முப்பரிமாணப் படம். மேஜையில் வைத்து, முகத்தை உள்ளே நுழைத்து ஆட வேண்டும். கழுத்து வலி, கண் வலி. சுமார் 7 லட்சத்து 70 ஆயிரத்தோடு கடையைக் கட்டினார்கள். பழைய சாமான் கொள்கை இங்கே ஏன் பலிக்கவில்லை? என் கணிப்பு இதுதான். கேம் பாயில் அவர் குறைத்தது கலரை, அதற்குப் பதிலாக ஆடுபவருக்கு நேரமும் காசும் கிடைத்தது. வர்ச்சுவல் பாயில் கலரைக் குறைத்தும் ஆடுபவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இந்தத் தோல்வியால்தான் அவரை ஓரம் கட்டினார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். அதை அவர் மறுத்தார். போகும் முன் கேம் பாயை மெலிதாக்கி, இரண்டே செல்லில் ஓடும் கேம் பாய் பாக்கெட்டை முடித்துக் கொடுத்துவிட்டு, 1996 ஆகஸ்டில் வெளியே வந்து கோட்டோ என்று சொந்தக் கம்பெனி தொடங்கினார். பண்டாய் நிறுவனத்துக்காக ஒரு புதிய கையடக்கக் கருவியை வடிவமைக்கத் தொடங்கினார்.

1997 அக்டோபர் 4. ஹொகுரிகு நெடுஞ்சாலையில் அவர் போன கார் ஒரு மோதலில் சிக்கியது. என்ன ஆச்சு என்று பார்க்க இறங்கியவர் மேல் வேறொரு வண்டி மோதியது. வயது 56.

அந்தக் கருவி 1999-ல் வொண்டர்ஸ்வான் என்ற பெயரில் கடைக்கு வந்தது. அதோடு வந்த புதிர் விளையாட்டுக்கு அவர் பெயரையே வைத்து குன்பெய் என்றார்கள். கலர் இல்லாத திரைதான். ஒரே ஒரு பென்சில் செல் போட்டால் ஓடும்.