சொல்லைப் போற்றிய சாஸ்திரியார்

தமிழ் பயின்றார்க்குப் பெரும்பாலும் எழுத்தே ஒலியைக் காட்டும். ஆங்கிலத்தில் அந்நெறி செல்லாது. கடன் எனப் பொருள்படும் டெட் என்னும் சொல்லில் ஓர் எழுத்து வாளா நிற்கும். படைத்தலைவனைக் குறிக்கும் கர்னல் என்னும் சொல்லை எழுதிய முறை வேறு, ஒலிக்கும் முறை வேறு. போட்டோகிராப் என்னும்பொழுது முதலசை அழுத்தம் பெறும். படம் எடுப்பவரைக் குறிக்கும்பொழுது அழுத்தம் இரண்டாம் அசைக்குத் தாவிவிடும். அருகி வழங்கும் சொற்களிலோ இடர் இன்னும் மிகுதி. இவ்விடரைத் தம் விடாமுயற்சியால் வென்ற தமிழ்நாட்டார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்போம். அவரே மகாகனம் வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியார்.

அவர் 1869-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள், கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில், வறிய புரோகிதர் குடும்பத்திற் பிறந்தார். ஆங்கிலம் அவர் வீட்டு மொழியன்று. அதனைப் பள்ளியிலேயே கற்றார். அவர் பதினைந்தாம் பிராயத்து மாணாக்கராயிருந்த 1884-இலேதான் ஆக்ஸ்போர்டு பேரகராதியின் முதற் பகுதி இங்கிலாந்தில் வெளிவந்தது. அது முற்றுப்பெற்ற 1928-இல் அவர் உலகறிந்த நாவலராய் விளங்கினார். ஆங்கிலேயர் தம் சொற்களை ஒருங்கு திரட்டி முடிப்பதற்குள் தமிழர் ஒருவர் அச்சொற்களை ஆளும் திறத்தால் அவர்தம் பாராட்டையே பெற்றுவிட்டார் என்பது வியத்தற்குரியது.

முதலில் அவர் மேற்கொண்டது ஆசிரியத் தொழில். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராய் இருந்து புகழ் பெற்றார். பின்னர் அப்பதவியைத் துறந்து, கோகலே 1905-இல் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்திற் சேர்ந்து, 1915-இல் கோகலே மறைந்தபின் அதன் தலைவரானார். 1922-இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகளுக்குச் சென்று ஆங்குள்ள இந்தியரின் உரிமைக்காக வாதாடினார். 1927 முதல் 1929 வரை தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் பிரதிநிதியாய் இருந்தார். டர்பன் நகரில் இந்திய மாணாக்கர்க்கென எழுந்த கல்லூரி அவர் பெயரையே தாங்கியது. அவரை வெள்ளி நாவினர் என உலகம் அழைத்தது. உரிமையற்றார் பொருட்டு அயலவர் அவையிற் பேசுவோன் ஒரு சொல்லைப் பிழைபட ஒலிப்பினும், கேட்போர் வழக்கை விடுத்து வழுவையே நினைப்பர். ஆதலின் அவர்க்கு உச்சரிப்பு வெறும் அணியாகாது கருவியாகவே பயன்பட்டது.

அரசியலிற் காந்தியடிகளோடு பலகால் மாறுபட்டும் அவர்தம் நட்பை இழவாதவர் சாஸ்திரியார். அடிகளின் சுயசரிதையை மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அதன் இரண்டாம் பதிப்புக்கென மொழிநடையைத் திருத்தித் தந்தவர் சாஸ்திரியார். தம் பெயர் வெளிப்படலாகாது என்பதே அவர் விதித்த நிபந்தனை. சொற்களைச் செப்பஞ்செய்த கை தன்னை மறைத்துக்கொண்டது.

எனினும் தமிழ் மாணாக்கராகிய நாம் ஒன்றனை மறைத்தலாகாது. 1940-இல், தாய்மொழிகளிற் கலைச்சொற்கள் ஆக்குதற்குப் பொதுவிதி வகுக்கச் சென்னை அரசாங்கம் அமைத்த குழுவுக்கு அவரே தலைவர். அக்குழு வடமொழிப் பக்கம் சாய்ந்தது எனத் தமிழன்பர் பலர் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சி நியாயமானதே என்பது எம் கருத்து. ஆங்கிலச் சொல்லுக்கு அத்துணை மதிப்பளித்த பெரியார், தமிழ்ச்சொல்லின் ஆற்றலிலும் அத்துணை நம்பிக்கை வைத்திருப்பின் நம் மொழி எவ்வளவோ நலம் பெற்றிருக்கும்! 1946-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

நண்பர்காள்! நம் அண்மையிலுள்ள பூவிருந்தவல்லியை ஆங்கிலேயர் பூனமல்லி ஆக்கினர். அதனைக் கேட்டு நகைக்கும் நாம், அவர்தம் சொற்களை அவ்வாறே சிதைத்தல் தகுமோ? ஆவடியினின்றும் அம்பத்தூரினின்றும் நாள்தோறும் மின்சார வண்டியில் வரும் மாணாக்கர், அப்பொழுதில் ஓர் அருஞ்சொல்லை அகராதியிற் கண்டு, பொருளும் அழுத்தமும் தெளிந்து, அதற்கு நேரான தமிழ்ச்சொல்லையும் தேடிப் பார்ப்பாராக. முன்னதைச் சாஸ்திரியார் நமக்குச் செய்து காட்டினார். பின்னதை அவர் நமக்கென விட்டுச் சென்றார்.